ஸ்கூலுக்கு அனுப்பலாமா வேணாமா: காலைல ஏழு மணிக்கு முடிவு பண்ணாதீங்க

வாசகர் கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு மூணரை. இந்த வருஷம் ரெண்டு பேரும் எத்தனை நாள் லீவு போட்டாங்கன்னு எனக்கே கணக்கு இல்ல. போன வாரம் பொண்ணுக்கு ராத்திரி 101 காய்ச்சல், காலைல பாத்தா 99தான். ஆபீஸ்ல அன்னிக்கு தள்ளிப்போட முடியாத வேலை, அதனால பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டேன். 11.30க்கு ஸ்கூல்லேர்ந்து போன், உடம்பு கொதிக்குது வந்து கூட்டிட்டு போங்கன்னு. டீச்சர் பாத்த பார்வை இன்னும் மனசை விட்டு போகல. மாமியார் ஒரு தும்மல் போட்டாலே அனுப்பாதேங்கறாங்க, வீட்டுக்காரர் போனாதான் எதிர்ப்பு சக்தி வரும்ங்கறார். எத்தனை டிகிரி இருந்தா நிறுத்தணும்? சளி பச்சையா வந்தா? இருமல் முழுசா நின்னாதான் அனுப்பணுமா? இது போக திங்கக்கிழமை ஆனா அவளுக்கு வயித்துவலி வந்துடுது, நிஜமா நடிப்பான்னே தெரியல.

பதில்:

அந்த 11.30 மணி போன்லேர்ந்தே ஆரம்பிக்கறேன்மா, ஏன்னா உங்க கேள்வில பாதிக்கு பதில் அதுக்குள்ளயே இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இந்த வேலையை நானும் பண்ணியிருக்கேன். குழந்தைங்க டாக்டரா இருந்துகிட்டே, என் பையனுக்கு காலைல ஒரு டோஸ் ஊத்தி அனுப்பிட்டு கிளினிக்ல போய் உக்காந்து, எதுத்தாப்ல இருந்த அம்மாகிட்ட காய்ச்சலோட அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டிருக்கும்போதே என் போன் அடிச்சுது. அதனால டீச்சர் பார்வை எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

இப்ப விஷயம். நம்ம உடம்பு சூடு நாள் பூரா ஒரே மாதிரி இருக்காது, விடியக்காலைல ரொம்ப கம்மியா இருக்கும், சாயங்காலம்தான் உச்சத்துக்கு போகும். நல்லா இருக்கறவங்களுக்கே இப்படித்தான், கிட்டத்தட்ட அரை டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கும். இதை கார்ல் வுண்டர்லிக்ங்கற ஜெர்மன் டாக்டர் 1868லயே எழுதி வெச்சுட்டார், ஆயிரக்கணக்கான நோயாளிங்களுக்கு அக்குள்ல தெர்மாமீட்டர் வெச்சு வெச்சு பாத்தவர் அவர். நாம இன்னிக்கும் சொல்ற 37 டிகிரி நார்மல்ங்கற கணக்கும் அவர் புண்ணியம்தான். ஆக ராத்திரி 101 இருந்த பிள்ளைக்கு காலைல 99 வந்தா அதை காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எடுத்துக்க முடியாது, காய்ச்சல் கொஞ்சம் குனிஞ்சு நிக்குது, அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்க பாராசிட்டமால் வேற குடுத்திருக்கீங்க, அது நாலுலேர்ந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஏழு மணிக்கு குடுத்திருந்தா பதினொண்ணு வாக்குல மருந்தோட வேகம் குறைய ஆரம்பிக்குது, உடம்பும் தன் பாட்டுக்கு சூடு ஏத்தற நேரம் அது, ரெண்டும் சேர்ந்து 11.30க்கு கொதிக்குது. சரியா டைம் வெச்ச மாதிரி போன் வந்துச்சுல்ல, அது தற்செயல் இல்ல.

அதனாலதான் என்கிட்ட வர்ற அம்மா அப்பா எல்லார்கிட்டயும் சொல்றது, இந்த முடிவை காலைல ஏழு மணிக்கு எடுக்காதீங்க. யூனிஃபார்ம் தேடிக்கிட்டு, வேன் ஹாரன் காதுல விழ, ஆபீஸ் மீட்டிங் மண்டைல ஓட, அந்த நேரத்துல தெர்மாமீட்டர் என்ன காட்டணும்னு நாம ஆசைப்படறோமோ அதைத்தான் அது காட்டும் (பீப் அடிக்கறதுக்கு முன்னாடியே உருவிட்டு 98.9ன்னு சந்தோஷப்பட்டவ நானு). முந்தின நாள் சாயங்காலமும் ராத்திரியும் பிள்ளை எப்படி இருந்துச்சுங்கறதை வெச்சு படுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, ராத்திரி பத்து மணிக்கு எடுக்கற முடிவுல ஆபீஸ் தலையிடறது கம்மி. அப்பவே லீவு மெயில் போட்டுடலாம், யார் வீட்ல இருக்கறதுன்னு பேசிடலாம்.

எத்தனை டிகிரின்னு கேட்டீங்க. 38 செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், இதுதான் உலகம் பூரா டாக்டருங்க வெச்சிருக்கற கோடு. அக்குள்ல பாத்தா உள் சூட்டை விட அரை டிகிரி செல்சியஸ் போல கம்மியா காட்டும், அதனால அக்குள்ல 99.5 ஃபாரன்ஹீட் காட்டுச்சுன்னா கொஞ்சம் உஷாரா இருங்க. காய்ச்சல் இருந்தா வீடு. திரும்ப அனுப்பறதுக்கு ரூல், மருந்தே குடுக்காம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும். மருந்தே குடுக்காமங்கறதை தடியா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினாலும் தப்பில்ல. செவ்வாய் ராத்திரி 101 இருந்துச்சுன்னா புதன் லீவுதான், அதுல பேச்சே இல்ல. புதன் சாயங்காலத்தை மருந்தில்லாம நல்லபடியா தாண்டி, அன்னிக்கு ராத்திரியும் சும்மா இருந்தா வியாழன் அனுப்பலாம். புதன் சாயங்காலம் திரும்ப ஏறிடுச்சுன்னா வியாழனும் போச்சு. சாயங்காலத்தை தாண்டாத பிள்ளையை அனுப்பாதீங்க, இதை மட்டும் ஞாபகம் வெச்சாலே அந்த மாதிரி போன்ல முக்கால்வாசி வராது.

ஆனா நம்பரை மட்டும் பிடிச்சு தொங்காதீங்க. 99 இருந்தாலும் சுருண்டு படுத்திருக்கற பிள்ளை இருக்கு, 101லயும் சோபா மேல குதிக்கறது இருக்கு. காய்ச்சல் இல்லாத நாள்ல நான் பாக்கறது மூணு விஷயம். பிள்ளையால கிளாஸ்ல உக்காந்து, கேட்டதுக்கு பதில் சொல்லி, இன்டர்வெல்ல ஓட முடியுமா. மத்த இருபது முப்பது பிள்ளைங்களை விட்டுட்டு டீச்சர் இவளையே கவனிக்கற மாதிரி ஆகுமா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கு தொடைக்க, பாத்ரூமுக்கு ஓட. அப்புறம், மத்தவங்களுக்கு பரவினா நிஜமாவே பிரச்சனை ஆகற நோயா. மூணுலயும் தப்பிச்சா அனுப்புங்க, குற்ற உணர்ச்சி வேணாம்.

மாமியார் சொல்றபடி தும்மலுக்கெல்லாம் நிறுத்தினா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன், அவங்களுக்கும் படிச்சு காட்டுங்க. சின்ன பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு ஆறுலேர்ந்து எட்டு தடவை சளி பிடிக்கறது ரொம்ப சாதாரணம். சளி உண்டாக்கற வைரஸ் மட்டுமே 200 வகைக்கு மேல இருக்கு, ஒண்ணு வந்துட்டு போனா அடுத்தது வரிசைல நிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு வாரம் பத்து நாள் ஓடும். எட்டு தடவை, பத்து நாள், மொத்தம் எண்பது நாள் வீட்ல. அவ்வளவும் வீணாத்தான் போகும், ஏன்னா சளி அதிகமா பரவறது முதல் ரெண்டு மூணு நாள்ல, மூக்கு ஒழுக ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே கூட பரவ ஆரம்பிச்சிருக்கும். நீங்க நிறுத்தறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்கு போயிருக்கும், இல்லன்னா பக்கத்து சீட்லேர்ந்துதான் இவளுக்கே வந்திருக்கும்.

பச்சை சளின்னா உடனே ஆன்டிபயாடிக்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதை உடைக்கவே முடியல எங்களால. சளியை எதிர்த்து சண்டை போட வர்ற வெள்ளை அணுக்களுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு, அதோட நிறமே பச்சை. சண்டை நடந்துட்டு இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், வைரஸா பாக்டீரியாவான்னு கலரை வெச்சு சொல்ல முடியாது. முதல்ல தண்ணியா, நடுவுல கெட்டியா மஞ்சளா பச்சையா, கடைசில வெள்ளையா, இது சாதாரண சளி போற பாதைதான். பத்து நாள் தாண்டியும் கொஞ்சம் கூட குறையலன்னாலோ, நல்லாகி வந்த பிள்ளைக்கு திடீர்னு திரும்ப காய்ச்சலோட ஏறினாலோ அப்ப காட்டுங்க. போன தடவை மிச்சம் வெச்ச ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்து நீங்களே ஊத்தறது மட்டும் வேணாம்.

இருமல் நிக்கற வரைக்கும் காத்திருந்தா ஒரு மாசம் போயிடும். மத்ததெல்லாம் சரியான பிறகும் இருமல் கடைசியாத்தான் கிளம்பும், பத்து பிள்ளைங்கள்ல ஒன்பது பேருக்கு சரியாக 25 நாள் வரைக்கும் ஆகலாம். காய்ச்சல் இல்ல, ராத்திரி தூங்கறா, ஓடி விளையாடறான்னா இருமலோட போகட்டும். அப்பப்ப இருமற பிள்ளை வேற, விடாம இருமி இருமி முகம் செவந்து கடைசில வாந்தி எடுக்கற பிள்ளை வேற. ரெண்டாவது மாதிரி இருந்தா கக்குவான் இருமலான்னு பாக்கணும், அது பரவும், ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் வீட்லதான். நாலு வாரம் தாண்டற எந்த இருமலையும் காட்டிடுங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி. சீக்கிரமே கூட்டத்துல பழகின பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துல நிறைய சளி வந்து, ஸ்கூல் வயசுல கொஞ்சம் கம்மியாகும், அது உண்மைதான். ஆனா அது நல்லா இருக்கும்போது போய் பழகறதை பத்தின கதை. ஏற்கெனவே வந்துட்ட வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி அவ வீட்ல படுத்திருந்தாலும் வரத்தான் போகுது, அதுக்காக ஸ்கூலுக்கு போகணும்னு இல்ல. அப்படி அனுப்பினா அடுத்தவங்க பிள்ளைக்குத்தான் "எதிர்ப்பு சக்தி" போகும்.

நான் கொஞ்சமும் விட்டுக்குடுக்காத ஒண்ணு வாந்தி பேதி. கடைசியா வாந்தி எடுத்தோ பேதி போயோ 48 மணி நேரம் ஆகணும். காலைல ஒரு தடவை எடுத்தா, அப்புறம் நல்லாத்தான் இருக்கான்னு மத்தியானமே கொண்டு விடறவங்க உண்டு. நோரோவைரஸ் மாதிரி ஒண்ணா இருந்தா அந்த ஒரு தடவை வாந்தியே கிளாஸை காலி பண்ண போதும், ரொம்ப கொஞ்சமா உள்ள போனாலே வந்துடும். இன்னொண்ணு, இதுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும் போட்டு 20 செகண்ட் தேய்ச்சு கழுவினாத்தான் உண்டு. மூணரை வயசு தம்பி வேற வீட்ல இருக்கான், அவன் கையை அவளை விட அதிகமா கழுவி விடுங்க. ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா, ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, ஒரே மூச்சுல குடுத்தா திரும்ப வெளிலதான் வரும்.

தோல்ல எதாவது வந்தா அது தனி சமாச்சாரம். அம்மை, அதாவது சிக்கன்பாக்ஸ், கொப்புளம் வர ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும், எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் வீட்லதான் இருக்கணும், ஏறக்குறைய ஒரு வாரம். இது வந்தா அன்னிக்கே ஸ்கூலுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கிளாஸ்ல எங்கயோ ஒரு பிள்ளை கேன்சருக்கு மருந்து எடுத்துட்டு இருக்கலாம், டீச்சர் யாராவது கர்ப்பமா இருக்கலாம், அவங்களுக்கு இந்த சாதாரண அம்மை சாதாரணம் இல்ல, சீக்கிரம் தெரிஞ்சா தடுக்க வழி இருக்கு. தட்டம்மைன்னா ரேஷ் வந்து நாலு நாள் வரைக்கும் பரவும். பொன்னுக்கு வீங்கினா வீக்கம் ஆரம்பிச்சு அஞ்சு நாள். கை கால் வாய்ல கொப்புளம் வர்ற நோய் வேற, அதுல காய்ச்சல் விட்டு, வாய் புண் ஆறி, எச்சில் ஒழுகறது நின்னு, பிள்ளை நல்லா சாப்பிட ஆரம்பிச்சா அனுப்பலாம். அந்த வைரஸ் மலத்துல வாரக்கணக்குல போய்ட்டேதான் இருக்கும், அது முழுசா போகட்டும்னு உக்காந்தா வருஷம் முடிஞ்சுடும். ஒரு மாசம் கழிச்சு நகம் உரிஞ்சு வந்தா பயந்துடாதீங்க, திரும்ப முளைச்சுடும். தொண்டைல ஸ்ட்ரெப்ங்கற பாக்டீரியான்னு டாக்டர் சொன்னா ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு ஒரு நாள் முழுசா ஆன பிறகு, காய்ச்சலும் இல்லன்னா போகலாம். பேனுக்கு லீவே வேணாம், சாயங்காலம் மருந்து போட்டு சீப்பால வாரி எடுத்தா போதும், பேன் குதிக்காது பறக்காது, தலையோட தலை ஒட்டினாதான் ஏறும்.

பாராசிட்டமால் பத்தியும் சொல்லிடறேன், நிறைய பேர் வயசை வெச்சு குத்துமதிப்பா ஊத்தறீங்க. கணக்கு எடையை வெச்சுத்தான், ஒரு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைன்னா ஒரு தடவைக்கு 200லேர்ந்து 300, குறைஞ்சது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். ஒரே மருந்து வேற வேற ஸ்ட்ரெங்த்ல சிரப்பா வருது, அதனால அஞ்சு மில்லில எத்தனை மில்லிகிராம்னு லேபிள்ல பாக்காம ஊத்தாதீங்க. சளிக்கு குடுக்கற கலவை மருந்துலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், ரெண்டையும் சேர்த்து குடுத்தா டபுள் டோஸ். ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்கு குடுக்கவே கூடாது. மருந்து குடுக்கறது பிள்ளை கஷ்டப்படாம இருக்க, ஸ்கூலுக்கு அனுப்பறதுக்கு டிக்கெட் இல்ல.

லீவா ஸ்கூலாங்கற பேச்சையே விட்டுட்டு டாக்டர்கிட்ட ஓட வேண்டிய நேரமும் இருக்கு. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுத்தா, உதடு நீலமானா, எழுப்பினா சரியா முழிக்கலன்னா, எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகலன்னா, கழுத்தை குனிய முடியலன்னா, ரேஷ் மேல ஒரு கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையலன்னா, வலிப்பு வந்தா, காத்திருக்காதீங்க. மூணு மாசத்துக்கு கீழ இருக்கற கைக்குழந்தைக்கு 38 தொட்டாலே ஆஸ்பத்திரிதான். டெங்கு சுத்தற சீசன்ல இருக்கீங்கன்னா கூடுதலா ஒண்ணு, டெங்குல காய்ச்சல் இறங்கற நேரம்தான் ஆபத்தான நேரம், பெரும்பாலும் மூணாவது நாள்லேர்ந்து ஏழாவது நாளுக்குள்ள. காய்ச்சல் விட்டும் பிள்ளை தெளியாம கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம்னா அன்னிக்கே காட்டணும், டெம்பரேச்சர் நார்மல்தானேன்னு ஸ்கூல் பையை மாட்டிவிட்டுடாதீங்க.

வீட்ல ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க. லீவு போடறது எப்பவும் அம்மாதான்னு எழுதியா வெச்சிருக்கு? காய்ச்சல் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து, முதல் நாள் நான், ரெண்டாவது நாள் நீங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட பேசி முடிச்சு வைங்க, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அன்னிக்கு பேசினா சண்டைலதான் முடியும். டீச்சர்கிட்டயும் ஒளிக்காதீங்க. நேத்து லேசா மூக்கு ஒழுகுச்சு, காய்ச்சல் இல்ல, சோர்ந்தா போன் பண்ணுங்க வந்துடறேன்னு நீங்களே முந்தி சொல்லிட்டா, அந்த பார்வை வராது. டீச்சருங்களுக்கு கோவம் காய்ச்சல் மேல இல்ல, மருந்து குடுத்ததை மறைச்சது மேலதான், இதை ஒரு டீச்சரே என்கிட்ட சொன்னது.

கடைசியா அந்த திங்கக்கிழமை வயித்துவலி. நடிப்புன்னு முடிவு கட்டிடாதீங்க, பயம் வந்தா வயிறு நிஜமாவே வலிக்கும், பரீட்சை அன்னிக்கு நமக்கும் கலக்கும்ல. ஜான் ஆப்லின்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் 1950கள்ல ஆயிரம் ஸ்கூல் பிள்ளைங்களை பாத்து, பத்துல ஒரு பிள்ளைக்கு இப்படி திரும்பத் திரும்ப வயித்துவலி வருதுன்னு கண்டுபிடிச்சார். தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி வலிக்குதோ அவ்வளவு உஷாரா தேடணும்ங்கறது அவர் சொல்லிக்குடுத்த வழி. அவளை ஒரு விரலால வலிக்கற இடத்தை காட்ட சொல்லுங்க. தொப்புளை சுத்தி காட்டினா, சனி ஞாயிறுல வலியே இல்லன்னா, ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு கேக்கணும். என்னாச்சுன்னு நேரா கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் வரும், பக்கத்துல யார் உக்கார்றா, பாத்ரூம் போனா எப்படி இருக்கும்னு சுத்தி வளைச்சு கேளுங்க. நிறைய பிள்ளைங்க ஸ்கூல் பாத்ரூம் பிடிக்காம அடக்கி வெச்சு மலச்சிக்கல் ஆகித்தான் வலின்னு வருதுங்க. ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்பற வலி, வலது பக்கம் கீழ வலி, எடை குறையறது, மலத்துல ரத்தம், ஒண்ணுக்கு போகும்போது எரிச்சல், இதுல எது இருந்தாலும் திங்கக்கிழமை கதையை விட்டுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

எதுவும் இல்லன்னா, வலிக்குதுன்னு நம்பறேன்மா, போய்ட்டு வா, ரொம்ப வலிச்சா டீச்சர் எனக்கு போன் பண்ணுவாங்கன்னு சொல்லி அனுப்புங்க. ஒரு நாள் நிறுத்தித்தான் ஆகணும்னா அந்த நாள் போரா இருக்கட்டும், டிவி கிடையாது, போன் கிடையாது, படுக்கையும் புஸ்தகமும்தான், நிஜமா முடியாத பிள்ளை அதையே விரும்பும். மூணு வாரத்துக்கு ஒரு நோட்ல வலிச்ச கிழமை, நேரம், அன்னிக்கு முதல் பீரியட் என்ன, கடைசியா எப்ப வெளிக்கு போனா, இவ்வளவையும் குறிச்சு எனக்கு அனுப்பி வைங்க, பாத்துட்டு எழுதறேன்.